சிப் யுத்தம் – 14: பெயர் அச்சடிக்காத பெட்டி

1999ஆம் ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்தன. கணினி உதிரிபாகக் கடைகளுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. வெறும் வெள்ளை அட்டைப் பெட்டி. மேலே படமும் கிடையாது, செய்த கம்பெனியின் பெயரும் கிடையாது.

பிரித்தால் உள்ளே ஒரு மதர்போர்டு. கே7எம் என்பது அதன் மாடல் பெயர். செய்தது தைவானின் ஆசுஸ்.

மதர்போர்டு உலகில் ஆசுஸ் அன்றைக்கே முன்வரிசைக் கம்பெனி. தன் போர்டுகளைப் பளபளக்கும் வண்ணப் பெட்டிகளில் போட்டு, பெயரைப் பெரிதாக அச்சடித்து விற்கிற கம்பெனி. கே7எம் கையில் கிடைத்த விமர்சகர்கள் அதை மிக நல்ல போர்டு என்று பாராட்டினார்கள். ஆனால் அப்படி ஒரு போர்டைத் தாங்கள் செய்வதாக ஆசுஸ் மூச்சுகூட விடவில்லை. கம்பெனியின் இணையதளத்திலும் அதைத் தேடிக் காணோம் என்று அன்றைய வன்பொருள் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள்.

தான் பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தயங்கியது ஏன்? யாருக்குப் பயந்து?

சென்ற வாரம், இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் எட்டு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் சண்டையிட்டு, 1995 ஜனவரியில் சமாதானம் ஆனதைப் பார்த்தோம். வழக்கு முடிந்தது, வக்கீல்கள் வீட்டுக்குப் போனார்கள். அத்தோடு சண்டை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது இடம் மாறியது. நீதிமன்றத்திலிருந்து இறங்கி, மதர்போர்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வெள்ளைப் பெட்டியைப் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

*

90களின் நடுவில் பிசி வாங்கியவர்களுக்கு சாக்கெட் 7 நினைவிருக்கும். மதர்போர்டில் வெள்ளை நிறத்தில், சிறு துளைகள் நிறைந்த சதுரம். பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதைத் தூக்கி, பிராசஸரை வைத்து, திரும்ப அழுத்தினால் முடிந்தது வேலை.

அந்தச் சதுரத்தின் மகிமை, அது யாரையும் ஏற்றுக்கொண்டது என்பதுதான். இன்டெல்லின் பென்டியம் அதில் உட்காரும். ஏ.எம்.டி.யின் கே5 உட்காரும். சைரிக்ஸ் கம்பெனியின் 6எக்ஸ்86 உட்காரும். போர்டு செய்கிற தைவான்காரருக்கு ஒரே டிசைன் போதும். பிராசஸரைத் தேர்ந்தெடுப்பது வாங்குகிறவர் பாடு. இன்டெல் ஒரு மாதம் விலையை ஏற்றினால், கடைக்காரர் அதே போர்டில் ஏ.எம்.டி.யைச் செருகிக் கொடுத்துவிடலாம்.

சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து பிசி வாங்கிய ஒரு தலைமுறை இங்கே உண்டு. பட்ஜெட்டைச் சொன்னதும் கடைக்காரர் பிராசஸரை மாற்றி மாற்றி விலை சொல்வார். போர்டு மாறாமல் பிராசஸர் மட்டும் மாற முடிந்ததற்குக் காரணம் அந்தச் சதுரம்தான்.

1997 மே 7. இன்டெல் பென்டியம் 2ஐ அறிமுகம் செய்தது. சதுரம் போய்விட்டது. புதிய பிராசஸர், கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டையாக நின்றது. அதைச் செருக மதர்போர்டில் நீளமான ஒரு பள்ளம். அதன் பெயர் ஸ்லாட் 1.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிராசஸருக்கு மிக அருகில் வைக்கவேண்டிய கேஷ் நினைவகத்தை அதே சிப்புக்குள் அடக்குவது அன்று செலவு பிடித்த வேலை. ஒரு சின்ன அட்டையில் பிராசஸரையும் கேஷ் சிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டால் சிக்கல் தீரும். இன்டெல் அதைத்தான் செய்தது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. பிராசஸரும், போர்டின் மற்ற பாகங்களை அதனோடு இணைக்கும் சிப்செட்டும் பேசிக்கொள்ளும் தடத்தை ‘பஸ்’ என்பார்கள். பென்டியம் 2 பயன்படுத்திய பஸ் இன்டெல்லின் காப்புரிமைக்குள் இருந்தது. அதற்கான சிப்செட் செய்ய இன்டெல் சிலருக்கு உரிமம் கொடுத்தது. அதே பஸ்ஸில் போட்டிப் பிராசஸர் செய்ய ஏ.எம்.டி.க்குக் கொடுக்கவில்லை.

பொது வாசல் மூடப்பட்டது. இனி இன்டெல் போர்டு என்றால் இன்டெல் பிராசஸர் மட்டும்தான்.

ஒரு பிராசஸர் எத்தனை வேகமானதாக இருந்தாலும் உட்கார ஒரு போர்டு கிடைக்காவிட்டால், முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காத மாப்பிள்ளையின் நிலைதான். ஏ.எம்.டி. அந்த நிலையில்தான் நின்றது.

*

இந்த இடத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒருவர் வினோத் தாம். புனேயில் பிறந்து, டெல்லியில் பொறியியல் படித்து, அமெரிக்கா போய் இன்டெல்லில் சேர்ந்தவர். பென்டியம் உருவான அணியை நடத்தியவர். ‘பென்டியத்தின் தந்தை’ என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. 1995ல் அவர் இன்டெல்லை விட்டு விலகி, நெக்ஸ்ஜென் என்ற சின்ன கம்பெனிக்குப் போனார்.

இன்னொருவர் ஆதிக் ராசா. பாகிஸ்தானிலிருந்து அமெரிக்கா வந்தவர். நெக்ஸ்ஜென்னின் தலைவர்.

நெக்ஸ்ஜென்னிடம் மூளை இருந்தது, போர்டு இல்லை. அவர்களுடைய என்எக்ஸ்586 பிராசஸர் பென்டியத்தின் சாக்கெட்டில் பொருந்தாது. அதற்கென்று தனி மதர்போர்டு வேண்டும். ஒரு சின்ன கம்பெனிக்காகத் தனியாக போர்டு செய்ய எத்தனை பேர் முன்வருவார்கள்? நல்ல பிராசஸரை வைத்துக்கொண்டு நெக்ஸ்ஜென் தவித்தது.

ஏ.எம்.டி.யின் தவிப்பு நேர் எதிரானது. போர்டுக்காரர்களோடு பழக்கம் இருந்தது. சொந்தத் தொழிற்சாலை இருந்தது. ஆனால் அது சொந்தமாக வடிவமைத்த கே5 தாமதமாகிக்கொண்டே போனது. 1995 அக்டோபரில் ஏ.எம்.டி. நெக்ஸ்ஜென்னைப் பங்குகள் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. மதிப்பு 85 கோடி டாலருக்கு மேல். நெக்ஸ்ஜென் செய்துகொண்டிருந்த அடுத்த பிராசஸரின் கால்களை மாற்றி, சாக்கெட் 7ல் உட்காரும்படி செய்தார்கள். 1997 ஏப்ரலில் அது கே6 என்ற பெயரில் வந்தது. பென்டியத்தை உருவாக்கிய அணியை நடத்திய மனிதரும் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பொறியாளரும் சேர்ந்து இன்டெல்லுக்கு எதிராக நிறுத்திய பிராசஸர் அது.

அது வந்த அடுத்த மாதமே இன்டெல் சாக்கெட் 7ஐ விட்டுவிட்டு ஸ்லாட் 1க்குப் போய்விட்டது.

இப்போது ஏ.எம்.டி.க்கு இரண்டே வழி. புதிதாக ஒரு வாசல் செய்வது. அல்லது இன்டெல் காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டைப் புதுப்பிப்பது. முதலாவதற்கு நேரம் வேண்டும். அதனால் இரண்டாவதைத் தொடங்கியது.

தைவானின் வியாவும் ஏ.எல்.ஐ.யும் சிப்செட் செய்பவர்கள். 1995ல் இன்டெல் தன் ட்ரைட்டன் சிப்செட்டோடு வந்து இந்த வியாபாரத்தை வாரிக்கொண்டு போனதில் அடிபட்டவர்கள். இன்டெல் விட்டுப்போன சாக்கெட் 7 அவர்களுக்கும் மிஞ்சிய நிலம். ஏ.எம்.டி. இவர்களோடு கை கோத்தது. பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு உயர்த்தினார்கள். பென்டியம் 2 போர்டுகளுக்கே உரியதாக இருந்த ஏ.ஜி.பி. கிராபிக்ஸ் ஸ்லாட்டைப் பழைய சாக்கெட் போர்டுக்கும் கொண்டுவந்தார்கள். பெயர் வைத்தார்கள்: சூப்பர் 7.

ஏ.ஜி.பி.யை உருவாக்கி வெளியிட்டது யார் தெரியுமா? இன்டெல். மதர்போர்டின் அளவையும் திருகு துளைகளின் இடத்தையும் வரையறுத்த ஏ.டி.எக்ஸ். தரமும் இன்டெல் கொடுத்தது. பி.சி.ஐ. ஸ்லாட்டும் அப்படியே. இன்டெல் வெளியிட்ட பொதுத் தரங்களின் மேல் நின்றுகொண்டுதான் இன்டெல்லை எதிர்க்க முடிந்தது. இந்தத் தொழிலில் பகையையும் உறவையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கவே முடியாது. இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

1998 மே மாதம் கே6-2 வந்தது. சூப்பர் 7 போர்டில் உட்கார்ந்தது. விலை குறைந்த பிசி சந்தையில் நன்றாக விற்றது. ஆனால் அது வாங்கிக் கொடுத்தது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. 1998ல் ஏ.எம்.டி.யின் நஷ்டம் 10 கோடி டாலரைத் தாண்டியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவில் புதிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. கையிருப்பு கரைந்தது. 1999 ஜூனில் வான்டிஸ் என்ற தன் துணைக் கம்பெனியை 50 கோடி டாலருக்கு விற்றது ஏ.எம்.டி.

எல்லாப் பணத்தையும் ஒரே பந்தயத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பந்தயத்தின் பெயர் கே7.

*

ஏ.எம்.டி.யின் தலைவர் ஜெர்ரி சாண்டர்ஸ் அப்போது அறுபதைத் தாண்டியவர். சிகாகோவில் பாட்டி தாத்தாவிடம் வளர்ந்தவர். இளவயதில் ஒரு தெருச் சண்டையில் கும்பல் அடித்துப் போட்டதில், பிழைக்கமாட்டார் என்று பாதிரியாரை அழைத்து இறுதிச் சடங்கே செய்துவிட்டார்கள். அதிலிருந்து எழுந்து வந்த மனிதர். ஒரு சாக்கெட் மூடப்பட்டதற்காக அவர் கடையைக் கட்டிவிட்டுப் போகமாட்டார்.

அவருக்கு உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக். அமெரிக்காவின் பழைய பெரிய கணினிக் கம்பெனி. ஆல்ஃபா என்ற அபாரமான பிராசஸரை உருவாக்கியது. 1997 மே மாதம், ஆல்ஃபாவின் காப்புரிமைகளை மீறியதாக டெக் இன்டெல்மீது வழக்குப் போட்டது. சில மாதங்களில் சமாதானம். அதன்படி டெக்கின் சிப் தொழிற்சாலையையே இன்டெல் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு டெக்கையே காம்பேக் வாங்கியது. ஆல்ஃபாவை உருவாக்கிய பொறியாளர்கள் பல திசைகளில் சிதறினார்கள்.

அவர்களில் சிலர் ஏ.எம்.டி.க்கு வந்தார்கள். டெர்க் மேயர் இந்தப் புயலுக்கு முன்பே வந்துவிட்டார். கே7 வடிவமைப்பை நடத்தியது அவர்தான். பின்னாளில் ஏ.எம்.டி.யின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரே.

டெக்கிடமிருந்து ஏ.எம்.டி. வாங்கிய மிகப் பெரிய சொத்து ஒன்று உண்டு. ஆல்ஃபாவின் ஈ.வி.6 பஸ்ஸுக்கான உரிமம். இன்டெல் தன் பஸ்ஸைத் தர மறுத்தது, ஏ.எம்.டி. அதைவிட வேகமான பஸ்ஸை வேறு வீட்டிலிருந்து வாங்கி வந்தது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு முறை தரவை அனுப்பும் அந்த பஸ், 100 மெகாஹெர்ட்ஸில் ஓடி 200க்கு இணையான வேலை செய்தது.

பஸ் கிடைத்துவிட்டது. வாசல்?

இங்கேதான் ஏ.எம்.டி.யின் பொறியாளர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கே7க்காக அவர்கள் புதிதாகச் செய்த ஸ்லாட் ஏ, பிளாஸ்டிக் பாகமாகப் பார்த்தால் இன்டெல்லின் ஸ்லாட் 1தான். அதே கனெக்டர், அதே நீளம். போர்டில் அதை 180 டிகிரி திருப்பிப் பொருத்தினார்கள், அவ்வளவுதான். மின் இணைப்புகள் முற்றிலும் வேறு. திருப்பிவைத்ததால் யாரும் இன்டெல் பிராசஸரைத் தவறுதலாகச் செருகிக் கருக்கிவிட முடியாது. அதைவிட முக்கியம், தைவானில் போர்டு செய்பவர் தன் கிடங்கில் ஏற்கெனவே குவித்து வைத்திருக்கும் அதே கனெக்டரை ஏ.எம்.டி. போர்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். புதிய பாகத்துக்குப் புதிய ஆர்டர் தேவையில்லை.

போர்டு செய்பவரின் செலவுக் கணக்கை உட்கார்ந்து யோசித்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும். எதிரியின் பாகத்தையே எடுத்துத் திருப்பி வைத்துத் தன் வாசலாக்கிக்கொண்டார்கள்.

1999 ஜூன் 23 அன்று கே7க்குப் பெயர் சூட்டப்பட்டது. அத்லான். சுமார் 2 கோடியே 20 லட்சம் டிரான்சிஸ்டர்கள். ஆகஸ்டில் 650 மெகாஹெர்ட்ஸ் வரை வந்தபோது சோதித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். இன்டெல்லின் பென்டியம் 3 அப்போது 600ல் நின்றது. வேகத்தில் மட்டுமல்ல, கணக்குப் போடும் திறனிலும் அத்லான் முந்தியது. முப்பது ஆண்டுக் கதையில் முதன்முறையாக இன்டெல்லுக்கு முன்னால் ஏ.எம்.டி. நின்றது. காம்பேக்கும் ஐ.பி.எம்.மும் அத்லான் பிசிக்களை அறிவித்தன.

ஆனால் கடைத்தெருவில் தனியாக வாங்கிப் பொருத்துகிறவர்களுக்கு? அவர்களுக்கு போர்டு வேண்டும். உலகின் மதர்போர்டுகளில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருந்த அந்தச் சின்னத் தீவை நோக்கி ஏ.எம்.டி.யின் கண் திரும்பியது.

தீவு தயங்கியது.

*

போர்டு செய்பவரின் இடத்தில் நின்று பாருங்கள்.

அவருடைய தொழிலில் லாபம் மிக மெல்லியது. அவர் விற்கும் போர்டுகளில் மிகப் பெரும்பகுதி இன்டெல் பிராசஸருக்கானது. அந்த போர்டின் நடுவில் இருக்கவேண்டிய சிப்செட்டும் பெரும்பாலும் இன்டெல்லுடையது. 440பி.எக்ஸ் என்ற சிப்செட் அந்தக் காலத்தின் தங்கம். அது இந்த மாதம் யாருக்கு எத்தனை என்று ஒதுக்குவது இன்டெல். ஒதுக்கீடு ஒரு வாரம் தாமதமானால் அவருடைய தொழிற்சாலை ஒரு வாரம் சும்மா நிற்கும். போதாக்குறைக்கு இன்டெல் தானும் மதர்போர்டு செய்து விற்றது. சரக்குக் கொடுக்கும் கை, போட்டி போடும் கை, இரண்டும் ஒரே உடம்பில்.

அத்லான் போர்டு செய்வதும் எளிதல்ல. வழக்கமான போர்டுக்கு நான்கு அடுக்குச் சுற்றுப்பலகை போதும். அந்த வேகமான பஸ்ஸுக்காக முதல் அத்லான் போர்டுகளுக்கு ஆறு அடுக்கு வைத்தார்கள். செலவு கூடியது. அத்லான் மின்சாரமும் நிறைய இழுத்தது. எந்த பவர் சப்ளை தாங்கும் என்று ஏ.எம்.டி.யே ஒரு பட்டியல் வெளியிடவேண்டி வந்தது. சிப்செட் செய்ய வேறு ஆள் இல்லாததால் அதையும் ஏ.எம்.டி. தானே செய்து கொடுத்தது. நீண்ட நாள் சிப்செட் வியாபாரம் செய்யும் எண்ணம் அதற்கு இல்லை. வியா வந்து சேரும்வரை விளக்கை அணையாமல் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வியாவோ அந்த ஜூன் மாதத்தில் வேறொரு தீயில் நின்றது.

தைவானின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் வாங் யுங்-சிங், ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸின் நிறுவனர். அவருடைய மகள்களில் இருவர் கணினித் தொழிலுக்கு வந்தார்கள். அக்கா சார்லீன் வாங், கணவர் மிங் சியெனோடு சேர்ந்து எஃப்.ஐ.சி. என்ற மதர்போர்டு கம்பெனியை 1980ல் தொடங்கினார். தங்கை ஷெர் வாங் அங்கே வேலை பழகி, பிறகு சென் வென்-சியோடு சேர்ந்து வியாவை வளர்த்தார். அக்கா வீட்டில் போர்டு, தங்கை வீட்டில் சிப்செட்.

1999ல் வியா, 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாதாரண, மலிவான நினைவகத்தை ஆதரித்துச் சிப்செட் செய்தது. இன்டெல் அந்த வழியை அப்போது விரும்பவில்லை. 1996லேயே அது ராம்பஸ் என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, உலகத்தையே ராம்பஸ் நினைவகத்துக்கு மாற்றிவிடத் தீர்மானித்திருந்தது. வியாவுக்குக் கொடுத்திருந்த சிப்செட் உரிமத்தை 1999 ஜூனில் ரத்து செய்து, வழக்கும் போட்டது. வியா பின்வாங்கவில்லை. விரைவிலேயே, நேஷனல் செமிகண்டக்டரிடமிருந்து சைரிக்ஸ் பிராசஸர் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. நேஷனலுக்கும் இன்டெல்லுக்கும் இடையே காப்புரிமைப் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தது. அந்தக் குடைக்குள் ஒதுங்கலாம் என்பது வியாவின் கணக்கு.

தைவானின் மற்ற போர்டுக்காரர்கள் எல்லோரும் இந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி வியாவின் விவகாரம் வேறு, அத்லான் போர்டு செய்வது வேறு. ஆனால் பயம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லை.

துணிந்து முதலில் வந்த ஒரு சில போர்டுகளில் ஒன்று எஃப்.ஐ.சி.யின் எஸ்.டி.11. அக்கா வீட்டு போர்டு! எம்.எஸ்.ஐ. ஒன்று செய்தது. கிகாபைட் ஒன்று செய்தது.

பிறகு ஆசுஸ். வெள்ளைப் பெட்டியில்.

*

ஆசுஸின் தயக்கத்துக்கு ஒரு பழைய பின்னணி உண்டு. ஏசர் கம்பெனியை விட்டு வெளியே வந்த நான்கு பொறியாளர்கள் 1989ல் தைபேயில் அதைத் தொடங்கினார்கள். இன்டெல்லின் 486 சிப் கைக்கு வருவதற்கு முன்பே, விவரக் குறிப்பை மட்டும் வைத்து 486 போர்டு ஒன்றைச் செய்து இன்டெல்லுக்கு எடுத்துப் போனார்கள் என்பது அந்தக் கம்பெனி சொல்லிவரும் கதை. இன்டெல்லின் சொந்த போர்டு அன்று தகராறு செய்துகொண்டிருந்ததாம். வந்தவர்கள் அதையும் சரிசெய்து கொடுத்தார்களாம். அன்றிலிருந்து இன்டெல்லோடு நல்ல உறவு. அந்த உறவின் மேல்தான் ஆசுஸ் எழும்பியது.

அந்த உறவைக் கெடுத்துக்கொள்ளாமல், அத்லான் வாங்க வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரையும் இழக்காமல் இருக்க வெள்ளைப் பெட்டி ஒரு வழி.

இன்டெல் மிரட்டியதா? அன்றைய வன்பொருள் பத்திரிகைகள் அப்படித்தான் ஊகித்து எழுதின. போட்டியாளரை நசுக்கும் வேலை எதையும் தான் செய்யவில்லை என்பது இன்டெல்லின் மாறாத பதில். ஜப்பான், தென் கொரியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று நான்கு இடங்களில் அரசு அமைப்புகள் இன்டெல்லின் வியாபார முறைகளைத் துருவிப் பார்த்தது பின்னால் வரும் கதை. அங்கே பெரிதாகப் பேசப்பட்டது பிசி கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் கொடுத்த தள்ளுபடிகள். அதை அதற்குரிய அத்தியாயத்தில் ஆவணங்களோடு பார்ப்போம். வெள்ளைப் பெட்டியை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை.

ஆனால் ஒரு தீர்ப்பை என்னால் சொல்ல முடியும். ஒரு கம்பெனி தன் சிறந்த தயாரிப்பில் தன் பெயரைப் போடத் தயங்கும் சந்தை ஆரோக்கியமான சந்தை அல்ல. யாரும் போன் போட்டு மிரட்டவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு ஒருவர் கை ஓங்கியிருந்தது.

அப்படியிருந்தும் அந்த போர்டு வந்தது. அதை மறந்துவிடக் கூடாது. வரலாற்றுப் புத்தகங்கள் அத்லானின் வெற்றியை ஜெர்ரி சாண்டர்ஸுக்கும் டெர்க் மேயருக்கும் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அவர்களுக்கு உரியது அவர்களுக்கே. என் கணக்கில் அதில் சரிபாதி தைபேயில் பெயர் போடாமல் போர்டு செய்தவர்களுக்கும், வழக்கு நடக்கும்போதே அடுத்த சிப்செட்டை வரைந்துகொண்டிருந்த வியாவுக்கும் சேரவேண்டும். அன்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் அத்லான் ஆய்வுக்கூடத்தில் மட்டும் வேகமான சிப்பாக முடிந்திருக்கும்.

*

இன்டெல்லின் பதில் அம்பு தயாராக இருந்தது. ஐ820 என்ற புதிய சிப்செட். ராம்பஸ் நினைவகம். வெளியீட்டு நாள் 1999 செப்டம்பர் 27 என்று குறித்தாயிற்று. தைவான் கம்பெனிகள் இரவு பகலாக 820 போர்டுகளைச் செய்து குவித்தன. ராம்பஸ் நினைவகம் சாதாரண நினைவகத்தைவிடப் பல மடங்கு விலை. போர்டையும் மிக நுணுக்கமாகச் செய்யவேண்டும். முனகிக்கொண்டேதான் செய்தார்கள். ஆனாலும் செய்தார்கள், கேட்டது இன்டெல் அல்லவா?

செப்டம்பர் 21. அதிகாலை 1 மணி 47 நிமிடம். தைவானின் நடுப்பகுதியில் ஜிஜி என்ற ஊருக்குக் கீழே பூமி பிளந்தது. 2,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. சிப் தொழிற்சாலைகள் நிறைந்த சின்சூ அறிவியல் பூங்காவில் மின்சாரம் போனது. இயந்திரங்களுக்குள் பாதி வேலையில் நின்ற வேஃபர்கள் வீணாயின. நினைவக சிப் விலை உலகெங்கும் எகிறியது. உறவினரைத் தேடிப் போனவர்களும் தொழிற்சாலைக்குத் திரும்பியவர்களுமாக அந்த வாரம் நகர்ந்தது.

27ஆம் தேதிக்குச் சில நாட்களே இருந்தன. அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. 820 வெளியீடு நிறுத்தப்படுகிறது.

போர்டில் மூன்று ராம்பஸ் ஸ்லாட்டுகள் இருந்தால் தரவு பிழையாகிறது என்று கடைசி நேரச் சோதனையில் தெரிந்திருந்தது. இரண்டு ஸ்லாட் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் தைவானின் கிடங்குகளில் மூன்று ஸ்லாட் போர்டுகள் அடுக்கடுக்காக நின்றன. பெட்டியில் போட்டு, பெயர் அச்சடித்து, கப்பலுக்குக் காத்திருந்தவை. நிலநடுக்கத்திலிருந்து எழுந்து நிற்காத தீவுக்கு அது இரண்டாவது அடி.

அந்த வாரத்தில்தான் பல கம்பெனிகளின் மனம் மாறியது. ஒரே வாசலை நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று சேதக் கணக்கு சொல்லிக்கொடுத்தது. வியாவின் 133 சிப்செட் போர்டுகள் கடைகளுக்கு வந்தன. அத்லான் போர்டுகளின் எண்ணிக்கை கூடியது.

1999 நவம்பர் 15 அன்று, திருத்தப்பட்ட 820 ஒருவழியாக வெளியானது. ராம்பஸ் விலையைத் தாங்க முடியாதவர்களுக்காக இன்டெல் ஒரு மாற்று வழியும் வைத்திருந்தது. போர்டில் எம்.டி.எச். என்ற ஒரு சின்ன சிப்பைச் சேர்த்துவிட்டால், பழைய, மலிவான நினைவகத்தையே 820ல் பயன்படுத்தலாம். போர்டுக்காரர்களும் இன்டெல்லும் அதை நம்பி லட்சக்கணக்கில் செய்து அனுப்பினார்கள்.

அந்தச் சின்ன சிப்புக்குள் ஒரு கோளாறு இருந்தது. அடுத்த மே மாதம்வரை அதை இன்டெல் உலகத்துக்குச் சொல்லவில்லை. சொன்னபோது, விற்றுப்போன அத்தனை போர்டுகளையும் மாற்றித் தரவேண்டியதாயிற்று.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2000 மார்ச் 6 அன்று, 1 கிகாஹெர்ட்ஸ் கோட்டை ஒருவர் முதலில் தொட்டிருந்தார். இரண்டே நாள் பிந்தி வந்தவர் இன்னொருவர். அந்த 48 மணி நேரத்தின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)